பேஸ் கிட்டாரில் பாக் ஏன் கடினம்?

கோல சிலாங்கூர்ப் பக்கம் கல்யாண மேடையில் சரளமாகப் பேஸ் வாசிப்பவரையும் இசையமைப்பாளர் பாக்கின் முதல் செல்லோ தொகுப்பின் தொடக்கப் பகுதி திணறடிக்கும். வேகம் மட்டும் காரணமல்ல.

செல்லோவின் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ச–ப தூரம். பேஸில் ச–ம தூரம். தொடக்கத்தில் வரும் ஜி, டி, பி சுரங்களில் முதல் இரண்டும் செல்லோவில் அழுத்தாத தந்தியிலேயே ஒலிக்கும். பேஸில் மூன்றும் சேர்ந்து ஒலிக்க, பொதுவாக மூன்றையும் அழுத்த வேண்டும்: 15, 17, 16ஆம் ஃபிரெட்டுகள்.

ஒரு ஸ்தாயி இறக்கினால் 3, 5, 4. விரலமைப்பு அதேதான். ஆனால் 12ஆம் ஃபிரெட் தந்தியின் நடுப்புள்ளி. அதனால் கீழே இடைவெளி இரு மடங்கு, விரல் நன்றாக விரிய வேண்டும்.

பயிற்சிக்கு முன் மூன்றைப் பாருங்கள்: விரல் விரிவு, தந்தித் தாவல், கை நகர்வு. கடினம் எங்கே என்று தெரிந்தால், உழைப்பு வீணாகாது.