காற்று விற்ற காசில் நம் பங்கு எங்கே?

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வருகிறது. சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில், அன்றைய நெல்லை மாவட்டக் காற்றாலைகள் பல மின்சாரத்தோடு கார்பன் வரவையும் விற்றன. ஒரு டன் கரியமில வாயு வெளியேறாமல் தடுத்தால் ஒரு வரவு. அந்தக் காசு காற்றாலை உரிமையாளருக்குப் போனது. அதே புஞ்சைகளில் களை பறித்த நம் மக்களின் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

இப்போது அடுத்த சுற்று வந்திருக்கிறது. பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின்படி, இந்தியாவும் ஜப்பானும் 2025 ஆகஸ்டில் கூட்டுக் கார்பன் வரவுக்கான ஒப்பந்தம் செய்துகொண்டன. 2013இல் மங்கோலியாவோடு ஜப்பான் தொடங்கிய ஏற்பாடு இது. ஜப்பான் முதலீடும் தொழில்நுட்பமும் தரும். இங்கே குறையும் கரியில் ஒரு பங்கைத் தன் இலக்கில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பங்கை இந்தியா மறுபடியும் தன் கணக்கில் காட்ட முடியாது.

இப்படி வெளிநாட்டோடு வரவு பகிரத் தகுதியான 13 வகைப் பணிகளை ஒன்றிய அரசு 2023 பிப்ரவரியில் பட்டியலிட்டது. சாதாரணக் காற்றாலை அதில் இல்லை. மின்சாரத்தைச் சேமித்துத் தரும் திட்டங்கள் இருக்கின்றன. சாணத்திலும் குப்பையிலும் எடுக்கும் உயிரி எரிவாயுவும் இருக்கிறது. குப்பையை அள்ளித் தரம் பிரிக்கும் கைகள் யாருடையவை என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரவு ஆலைக்கு, நாற்றம் தூய்மைப் பணியாளருக்கு என்றால் அது பசுமையல்ல, பழைய சாதிக் கணக்குதான்.

சாரல் பொய்த்தால் சிற்றாற்றில் நீரில்லை. கார் நடவு இல்லை. நடவு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. பருவநிலை மாற்றத்தின் முதல் அடி விழுவது நிலமில்லாதவர் வீட்டு அடுப்பில்தான். இத்தகைய பாதிப்பைத் தாங்குவதற்கென்றே கியோட்டோ முறையில் வரவில் 2 விழுக்காடு தனி நிதிக்குப் போனது. பாரிஸ் ஒப்பந்தத்தின் ஐ.நா. மேற்பார்வையிலான சந்தையில் அது 5 விழுக்காடு. ஆனால், இரு நாடுகள் நேரடியாகப் பேசி முடிக்கும் ஏற்பாட்டில் அந்தப் பங்கு கட்டாயமில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. வரவு வருவாயில் ஒரு பங்கை, திட்டம் அமையும் ஊரின் நிலமற்ற கூலிகளுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும். திட்டத்துக்கு நிலம் எடுக்குமுன், அது 1892 அரசாணை வழி வந்த பஞ்சமி நிலமா என்று வருவாய்த் துறை ஆவணம் பார்த்துச் சொல்ல வேண்டும். திட்ட விவரம் தமிழில் கிராம சபை முன் வைக்கப்பட வேண்டும்.

டில்லியும் டோக்கியோவும் கையெழுத்திட்டால் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். முதல் சுற்றில் நம்மைக் கேட்காமலே கணக்கை முடித்தார்கள். இந்தச் சுற்றில் கணக்கு எழுதும்போதே நாம் அங்கே இருக்க வேண்டும்.