டெஸ்டுக்கு வராவிட்டால் பணம் போச்சு!

கார் ஓட்டப் பழகியவர், டெஸ்ட் நாளன்று வராமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்?

பிரிட்டனில், கட்டிய பணம் போய்விடும்!

அங்கே வார நாட்களில் டெஸ்டுக்கு 62 பவுண்டு. (1935-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி டெஸ்ட் கட்டாயமானபோது 7 ஷில்லிங் 6 பென்ஸ்தான்!)

வர முடியாது என்றால் 10 வேலை நாட்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரல் 8-ந்தேதி வந்த விதி இது. அதற்கு முன்பு 3 நாள் போதும்.

திடீர் காய்ச்சலா? வீட்டில் துக்கமா? அத்தாட்சி காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பனி கொட்டி டெஸ்ட் நின்றுபோனால், பழகுபவர் மேல் குற்றம் இல்லை. பணம் வாங்காமல் வேறு நாள் கொடுப்பார்கள்.

பழகுநர் லைசென்சை வீட்டில் மறந்துவிட்டு வந்து நின்றாலோ, வராததற்குச் சமம்தான். டெஸ்டும் கிடையாது, பணமும் கிடையாது!

பணமாவது போனால் போகட்டும். நாள் போவதுதான் பெரிய கஷ்டம். மறுபடி தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். சாலை விதிப் பரீட்சையில் முதலில் தேறினார் அல்லவா? அது 2 வருடம்தான் செல்லும். அதற்குள் காரை ஓட்டிக் காட்டித் தேறாவிட்டால், அந்தப் பரீட்சைக்கும் மறுபடி உட்கார வேண்டும். அதற்கு 23 பவுண்டு தனி!