சக்கர நாற்காலியில் வெளிநாட்டுப் பயணம்: புறப்படுமுன் திட்டமிட வேண்டியவை

மகளின் பேறுகாலத்துக்குச் சிங்கப்பூர் செல்லலாமா, மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு லண்டன் செல்லலாமா என்று எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருவோர் கேட்பதுண்டு. தண்டுவடக் காயம், பக்கவாதம், தசைச் சிதைவு நோய் ஆகியவற்றால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரில் உடல்நிலை சீராக உள்ள பெரும்பாலோர் விமானத்தில் பாதுகாப்பாகப் பயணம் செய்ய இயலும். அதற்குப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே தோல், சிறுநீர்ப்பை, நாற்காலி ஆகிய மூன்றைப் பற்றியும் தெளிவான திட்டம் இருக்க வேண்டும்.

அமர்ந்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, எல்லோருக்கும் முன் ஏறி எல்லோருக்கும் பின் இறங்குதல், குடியேற்றச் சோதனை, மீண்டும் கார்ப் பயணம் என அனைத்தையும் கூட்டினால் பத்து மணி நேரம் ஆகிவிடும். தொடு உணர்வு இல்லாத இடத்தில் வலி எச்சரிக்காது. ஒரே நாளில் தோன்றும் அழுத்தப் புண் ஆறுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம்; அவ்வளவு காலமும் படுக்கையிலேயே கழியக்கூடும்.

ஆகவே பயணத்துக்கு மூன்று வாரங்கள் முன்பிருந்தே வீட்டில் அமரும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி, இரவில் கண்ணாடியின் உதவியால் புட்டத்தையும் வால் எலும்புப் பகுதியையும் சோதியுங்கள். விமானத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்புறமோ பக்கவாட்டிலோ சாய்ந்து, ஓரிரு நிமிடங்கள் அழுத்தத்தைத் தணியுங்கள். உங்கள் மெத்தையைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். காற்று மெத்தையாயின், உயரத்தில் உள்ளிருக்கும் காற்று விரிவடைந்து மெத்தை விறைத்துவிடும். விமானம் மேலெழுந்தபின் சிறிது காற்றை வெளியேற்றி, இறங்கியபின் மீண்டும் நிரப்ப வேண்டும். சென்று சேரும் நாளில் வேறு நிகழ்ச்சி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீரைக் குறைக்க வேண்டாம்

விமானக் கழிவறைக்குச் செல்ல இயலாது என்ற அச்சத்தால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் அருந்தாமல் இருப்போர் பலர். அச்சம் நியாயமானதே; வழிதான் ஆபத்தானது. விமானத்தின் உள்ளே காற்று மிகவும் வறண்டது. உடலில் நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் எளிதில் ஏற்படும். 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோ அழுத்தக் காலுறையோ உங்களுக்குத் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்; தாமாக ஆஸ்பிரின் உட்கொள்ளக் கூடாது.

சிறுநீர்க் குழாயை அவ்வப்போது செலுத்திக்கொள்வோர், விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன்பு விமான நிலையக் கழிவறையில் சிறுநீரை வெளியேற்றிவிடலாம். நீண்ட பயணமாயின் அன்று மட்டும் நிலைக் குழாயும் சேகரிப்புப் பையும் பொருத்துவது சிலருக்கு ஏற்றது. இதைப் பயணத்துக்கு முன்பே ஒருநாள் வீட்டில் முயன்று பாருங்கள். தேவைப்படும் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு குழாய்களைக் கைப்பையில் வைத்திருங்கள்.

முதுகுத்தண்டின் ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமடைந்தோர்க்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. நிரம்பிய சிறுநீர்ப்பையோ மடங்கிய குழாயோ இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். கடும் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே நிமிர்ந்து அமரச் செய்து, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். உடன் செல்பவர் இதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள்

பயணச்சீட்டு பதியும்போதே உதவி கோருங்கள்; குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை. சற்று நடக்க இயல்வோர், படியேற இயலாதோர், இருக்கை வரை தூக்கிச் செல்லப்பட வேண்டியோர் என மூன்று வகைகள் உண்டு. மூன்றாம் வகையின் குறியீடு டபிள்யூ.சி.எச்.சி. முற்றிலும் நடக்க இயலாதவரின் சீட்டில் வேறு குறியீடு இருப்பின், விமான வாயிலில் குறுகிய நாற்காலியும் தூக்குவோரும் ஆயத்தமாக இல்லாமற் போகலாம். தூக்கும்போது எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை நீங்களே தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் உடலை நன்கு அறிந்தவர் நீங்கள்தாம்.

சீரான உடல்நிலை உள்ளவருக்கு நாற்காலி உதவிக்காக மட்டும் மருத்துவச் சான்று தேவையில்லை. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்க்கும் விமானத்தில் ஆக்சிஜன் தேவைப்படுவோர்க்கும் மெடிஃப் என்னும் படிவம் தேவைப்படும்.

நாற்காலியும் மின்கலமும்

விமான வாயில் வரை உங்கள் நாற்காலியிலேயே செல்லவும், இறங்கும் வாயிலிலேயே அதைத் திரும்பப் பெறவும் கோருங்கள். ஒப்படைக்குமுன் நான்கு புறமும் படம் எடுத்து, கழற்றக்கூடிய கால்தாங்கி, கைதாங்கி, இயக்குவிசை ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் தெரிந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்தில் புகார் பதியுங்கள்.

மின் நாற்காலியாயின் மின்கலத்தின் வகையும் திறனும் முன்பே தெரிவிக்கப்பட வேண்டும். மின்கலத்தில் அச்சிட்ட வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி எனில் 240 வாட்-மணி. கழற்றக்கூடிய லித்தியம் அயனி மின்கலம் ஒன்றாயின் 300 வாட்-மணிக்கும், இரண்டாயின் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்கும் மிகாமல் இருக்க வேண்டும். கழற்றியபின் அவை பயணியர் பகுதியில் உங்களுடன்தான் வர வேண்டும். மின்னேற்றியின் மேல் 100–240 வோல்ட் என்று உள்ளதா எனவும் பாருங்கள்.

மருந்துகளும் தங்குமிடமும்

மருந்துகள் அனைத்தையும் மருத்துவர் கடிதத்துடன் கைப்பையில் வையுங்கள். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் திடீரென நின்றால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படக்கூடும். நம் நாட்டில் வழக்கமாகத் தரப்படும் சில மருந்துகள் பிற நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை: ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடாலும் பிரிகாபலினும், சிங்கப்பூரில் டையசிபாமும் அவற்றுள் சில. அந்தந்த அரசின் இணையதளத்தில் முன் அனுமதி பெற வேண்டுமா என்று பாருங்கள்.

தங்கும் வீட்டையோ விடுதியையோ பற்றி ‘வசதி உண்டா’ என்று மட்டும் கேட்டால் ‘உண்டு’ என்ற விடையே வரும். குளியலறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், வாயிலில் படி உண்டா, கட்டிலின் உயரம் என்ன என்று கேட்டு, படங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தை முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு ஆறு வாரங்கள் முன்னதாக எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். தோலைச் சோதித்து, மருந்துப் பட்டியலுடன் கடிதம் அளித்து, சிறுநீர்த் திட்டத்தை உங்களுடன் சேர்ந்து வகுப்போம். தோலில் ஏற்கெனவே புண் இருப்பின் அது ஆறும்வரை பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்வோம். சென்று சேர்ந்த இடத்திலும் திரும்பி வந்த பின்பும் தோலைப் பாருங்கள். அழுத்தம் நீங்கி அரை மணி நேரம் கடந்தும் சிவப்போ கருமையோ மறையாவிட்டால், அந்த இடத்தில் அமர்வதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள்.