மின்னஞ்சல் வழங்கியின் இடமாற்றம்

சிறு நிறுவனத்தின் மின்னஞ்சல் வழங்கி பெரும்பாலும் அலுவலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். வன்தட்டு பழுதுற்றாலும், மின்சாரம் நெடுநேரம் நின்றாலும், மென்பொருளில் பாதுகாப்புக் குறை தோன்றினாலும் அதனைக் காக்கும் பொறுப்பு ஒருவர் தலையிலேயே விழும். அவ்வழங்கியை மேகக் கணிமைக்கு மாற்றுவது அத்தகைய நிறுவனத்துக்குத் தக்க முடிவே. ஆயினும் அம்மாற்றத்தின் உயிர்நிலை கணிப்பொறியில் இல்லை. ஆள்களப் பெயரின் பதிவுகளில் உள்ள ஓரிரு வரிகளில் இருக்கிறது.

மடலை அனுப்பும் வழங்கி, முகவரியில் @ குறிக்கு வலப்புறம் உள்ள ஆள்களப் பெயரை எடுத்துக்கொண்டு, அப்பெயருக்குரிய மடல்களைப் பெறுவது எவ்வழங்கி என்று வினவுகிறது. விடையாக வருவது எம்எக்ஸ் பதிவு. 1986ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட இப்பதிவில் பெறும் வழங்கியின் பெயரும் முன்னுரிமை எண்ணும் இருக்கும். சிறிய எண்ணுக்கே முதலிடம். இவ்வரியைத் திருத்தி எழுதுவதே இடமாற்றம்.

திருத்திய செய்தி உடனே எங்கும் பரவிவிடாது. ஒருமுறை பெற்ற விடையை ஆங்காங்குள்ள வழங்கிகள் குறித்த காலம்வரை நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 86400 நொடி என்றிருந்தால், ஒரு முழுநாள் வரை சில மடல்கள் பழைய வழங்கியையே நாடி வரும். ஆகவே ஓரிரு நாள் முன்னரே அவ்வெண்ணை 300 ஆகக் குறைத்துவிட வேண்டும்.

இவ்விடைவெளியில் மடல்கள் தொலையாமல் காப்பது எஸ்எம்டிபி நெறிமுறை. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய இந்நெறிமுறையின் பொறுமை வியக்கத்தக்கது. பெறும் வழங்கி வாய் திறக்காவிடில், அனுப்பும் வழங்கி மடலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். கைவிடுவதற்கு முன் நான்கைந்து நாளேனும் முயல வேண்டும் என்கிறது இன்றைய வரையறை. ஆனால் பழைய வழங்கி ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதிலுள்ள கணக்குகளை நீக்கிவிட்டால், அது 550 என்னும் குறியீட்டால் 'இப்பெயரில் எவருமில்லை' என்று விடையளிக்கும். அந்நொடியே மடல் அனுப்பியவருக்குத் திரும்பிவிடும், மறுமுயற்சி இராது. அணைந்து கிடக்கும் வழங்கியைவிடத் தவறாக மறுக்கும் வழங்கியே பெருங்கேடு விளைப்பது.

பழைய மடல்களை ஐமேப் என்னும் நெறிமுறை வழியே கோப்புறைகளோடு படியெடுக்கலாம். முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் அவ்வழியில் வாரா. அவற்றைத் தனியே கொணர வேண்டும்.

புதிய வழங்கியிலிருந்து புறப்படும் மடல் மெய்யானதே என்று நிறுவ எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய பதிவுகளும் வேண்டும். 2024 பிப்ரவரி முதல் பெருமளவில் மடல் அனுப்புவோர்க்குக் கூகுளும் யாகூவும் இம்மூன்றையும் கட்டாயமாக்கியுள்ளன. இங்கே பலரும் மறப்பது ஒன்றுண்டு: அலுவலகத்து வருடியும் கணக்கு மென்பொருளும்கூடப் பழைய வழங்கியின் வழியாகவே மடல் அனுப்பி வந்திருக்கும். அவற்றின் அமைப்பையும் மாற்றாவிடில், மறுநாள் விலைச்சீட்டு எவருக்கும் போய்ச் சேராது.

இத்தனைக்கும் அடிப்படை ஆள்களப் பெயரே. அது நிறுவனத்தின் பெயரில் இருக்கும்வரை எந்த மேகத்திலிருந்தும் வேறொன்றுக்கு மாறலாம். முன்னாள் ஊழியர் பெயரிலோ ஒப்பந்ததாரர் பெயரிலோ இருந்தால், அந்த ஓரிரு வரிகளைத் திருத்தும் உரிமை பிறர் கையில் இருக்கிறது. இடமாற்றத்துக்கு நாள் குறிக்குமுன், ஆள்களப் பெயர் எவர் பெயரில் உள்ளது, எந்நாளில் காலாவதியாகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள்.