கல்லுக்குக் கீழே கல்

தெருவாசலிலிருந்து போர்ட்டிகோ வரையில் கார் ஏறி வருவதற்காகப் பேவர் பிளாக் பதித்த பாதை, இன்று தமிழ்நாட்டின் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் புது வீட்டின் லட்சணங்களில் ஒன்றாகிவிட்டது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு சென்று, சிவப்பா சாம்பல் நிறமா, நேர்வடிவமா வளைந்த விளிம்பா என்று நெடுநேரம் ஆலோசித்துக் கல்லைத் தேர்ந்தெடுத்து வருகிறார். ஆனால் அந்தக் கல் எதன்மேல் உட்காரப் போகிறது என்ற கேள்வியை மேஸ்திரியின் சித்தத்துக்கே விட்டுவிடுகிறார். ஒரே தொழிற்கூடத்தில் வார்த்த கற்களை ஒரே மாதத்தில் பதித்த இரண்டு வீடுகளில், ஒன்றின் பாதை ஆண்டுக்கணக்கில் சமனாக நிற்க, மற்றொன்றில் இரண்டு ஐப்பசி மழைக்குள் சக்கரத் தடம் பள்ளமாகி நீர் தேங்குகிறதென்றால், அதற்குக் காரணம் மேலே தெரியும் கல்லின் குணபேதமன்று. கீழே மறைந்திருக்கும் ஜல்லியின் குணபேதமே.

இதன் நியாயத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு சாதாரணக் கார் 1,400 கிலோ எடையுள்ளதென்று வைத்துக்கொண்டால், சக்கரம் ஒன்றுக்கு 350 கிலோ பாரம். அந்தச் சக்கரம் தரையைத் தொடும் பரப்போ ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இரண்டு கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது. இந்தப் பாரம் கீழே இறங்க இறங்க, இரண்டு பங்கு ஆழத்துக்கு ஒரு பங்கு வீதம் நாற்புறமும் விரிவதாகப் பொறியாளர்கள் தோராயமாகக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கின்படி, 60 மில்லிமீட்டர் கல், 25 மில்லிமீட்டர் மணல், 150 மில்லிமீட்டர் ஜல்லி ஆகிய மூன்றையும் கடந்து மண்ணைச் சேரும்போது, அதே பாரம் 1,350 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரவி, சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவாகத் தணிந்துவிடுகிறது. ஜல்லிப் படுகையின் முதல் தர்மம் இதுதான்: பாரத்தைப் பகிர்ந்து, மண்ணால் பொறுக்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது. இரண்டாவது தர்மம், மண்ணை நனையவிடாமல் காப்பது.

இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்தித்து, சாலை போடும் சாஸ்திரத்தையே மாற்றியவர் ஜான் லௌடன் மெக்கடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1816-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற அவர், பெரும் பாறைத்துண்டுகளை அடியில் அடுக்கிச் சாலை போடும் அக்காலச் சம்பிரதாயத்தை மறுத்தார். பாரத்தை இறுதியில் சுமப்பது பூமியேயன்றிக் கல் அன்று என்பதும், உலர்ந்திருக்கும் வரையில் அந்தப் பூமி எதையும் சுமக்கும் என்பதும், ஆகவே மேலே போடுகிற கல் நீர் புகாத கூரையாக இருக்கவேண்டும் என்பதும் அவருடைய சித்தாந்தம். ஆறு அவுன்ஸுக்கு மேற்பட்ட எடையுள்ள கல் எதுவும் கூடாதென்று அவர் விதித்தார்; சிறிதாக உடைத்த, முனைகள் கூரான கற்களே நெருக்குண்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதைக் கண்டிருந்தார். நம் நெடுஞ்சாலைப் பணிகளில் இன்றும் வழங்கும் 'வெட் மிக்ஸ் மெக்கடம்' என்ற கலவையில் அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் ஹாலந்தில் சுட்ட செங்கல் வீதிகளுக்குப் பதிலாகப் பரவி, பிறகு உலகெங்கும் சென்ற கான்கிரீட் கற்பாதைக்கும் ஆதாரம் அதே சித்தாந்தமே.

பூமியே சுமக்கிறதென்றால், முதலில் பரிசோதிக்க வேண்டியதும் பூமியைத்தான். மேல்மண்ணையும் வேரையும் களைந்துவிட்டு, அடிமண்ணில் ஒரு பிடியை நீர்விட்டுப் பிசைந்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிப் பார்த்தால் அதன் சுபாவம் விளங்கிவிடும். உருட்ட உருட்ட உடையாமல் மெல்லிய நூலாக நீண்டால் அது களி. நூலாகாமல் உதிர்ந்துபோனால் மணற்பாங்கு. சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரைப் பகுதிகளின் மணலில் நீர் தங்குவதில்லையாதலால், அங்கே ஆறு அங்குல ஜல்லி போதுமானது. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய களிமண்ணோ, கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலோ வேறு ஜாதி. கரிசல் கோடையில் வெடித்துச் சுருங்கி மழையில் வீங்கி எழும் இயல்புடையதாகையால், அங்கே ஜல்லியை எட்டு முதல் பத்து அங்குலமாக உயர்த்துவதோடு, மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே ஜியோடெக்ஸ்டைல் துணியையும் விரிப்பது நலம். நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் அந்தத் துணி இல்லாவிட்டால், குழைந்த களி மேலேறி ஜல்லியின் இடுக்குகளில் புகுந்து, ஜல்லி சிறிது சிறிதாகச் சேற்றில் அமிழ்ந்து போகும்.

இனி எந்தக் கல் என்று பார்ப்போம். ஆற்றுக் கூழாங்கல் அழகானதுதான். ஆனால் உருண்டை வடிவினால் எத்தனை இடித்தாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளுமேயன்றிப் பிணையாது. உடைத்த கருங்கல் ஜல்லியே பாதைக்கு உரியது. அதில் நாம் பாக்கியசாலிகள். பல்லாவரத்துக் குன்றுகளில் வெட்டப்பட்ட நீலக் கருங்கல்லுக்கு நிலவியலார் இட்ட பெயர் சார்னக்கைட். கல்கத்தாவின் ஆதி ஆங்கிலேயராகிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே இனம் என்று கண்டு, தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். எளிதில் தேயாமலும் பொடியாகாமலும் நிற்கும் இத்தகைய கல், ஜல்லிக்கு மிகவும் உகந்தது.

கல் உயர்ந்ததாயிருந்தால் மட்டும் போதாது. அளவுகளின் சேர்க்கையும் முக்கியம். மரக்கால் நிறையத் தேங்காயைப் போட்டு, இடுக்குகளில் எலுமிச்சையையும், மிச்ச இடுக்கில் கடுகையும் நிரப்பினால் பாத்திரத்தில் வெற்றிடம் அநேகமாக ஒழிந்துவிடுவதைப்போல, பெரிய ஜல்லி முதல் பொடி வரையில் பல அளவுகள் முறையாகக் கலந்த கலவைதான் இடித்தபின் அசையாத ஒரே பாளமாக இறுகும். நெடுஞ்சாலைக்குரிய வெட் மிக்ஸில் 53 மில்லிமீட்டர் தொடங்கி மாவுபோன்ற தூள் வரையில் எல்லா அளவுகளும் விகிதப்படி உண்டு. வீட்டுப் பாதைக்கு ஒன்றரை அங்குல ஜல்லியிலிருந்து கீழிறங்கும் கலவை தாராளமாகப் போதும். நம் ஊரில் கிராவல் என்று லாரியில் வந்து இறங்கும் செம்மண் கலந்த சரளை, பள்ளம் நிரப்பி மட்டம் உயர்த்த உதவுமேயன்றி, அதுவே படுகையாகாது. அதிலுள்ள களி, நீர் பட்டவுடன் இளகிவிடும். இடித்த வீட்டின் செங்கல் ரப்பிஷைக் கொட்டிச் சமன் செய்வது அதனினும் தவறு. நனைந்த செங்கல் நொறுங்க, அதற்குள்ளிருந்த பொந்துகள் ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கும்.

அளவுக் கணக்கு எளியது. பத்தடி அகலம், முப்பதடி நீளமுள்ள பாதை 300 சதுர அடி. ஆறு அங்குலக் கனத்துக்கு 150 கன அடி ஜல்லி. இடிக்கும்போது அமுங்கிக் குறைவதற்குக் காற்பங்கு கூட்டினால் ஏறக்குறைய 190 கன அடி. அதாவது இரண்டு யூனிட். கார் மட்டும் செல்லும் பாதைக்கு 60 மில்லிமீட்டர்க் கல்லை ஐ.எஸ். 15658 தரவிதி அனுமதிக்கிறது. ஆகவே கல், மணல், ஜல்லி மூன்றும் சேர்ந்து, பாதை முடியவேண்டிய மட்டத்திலிருந்து ஒன்பதேகால் அங்குலம் தோண்டவேண்டும்; கரிசலில் ஏறத்தாழ ஓரடி. ஓரக் கல்லின் அடியிலும் படுகை இருக்குமாறு, இருபுறமும் அரையடி அதிகமாக வெட்டுவது அவசியம். ஓரம் நழுவினால் நடுவிலுள்ள கற்களும் ஒவ்வொன்றாகப் பிடி தளர்ந்துவிடும்.

ஜல்லியைக் கொட்டி, மேலே ஒரு தடவை ரோலரை ஓட்டினால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். பிளேட் காம்பாக்டரின் அதிர்வு சில அங்குலங்களுக்குக் கீழே செல்லாதாகையால், மூன்று அல்லது நான்கு அங்குலக் கனமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே இறுக்கவேண்டும். கலவையின் ஈரமும் இதில் பங்கு கொள்கிறது. கலிபோர்னியாவில் அணைகளுக்கு மண்கரை போட்ட ரால்ப் பிராக்டர் என்ற பொறியாளர், எந்த மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் உச்ச அளவுக்கு இறுகும் என்று 1933-இல் நிரூபித்தார். அதற்குக் குறைந்தால் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சேராது, கூடினால் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடம் இல்லாத வீட்டுக்காரர், கலவையின் பொடியைக் கையில் எடுத்து இறுக்கிப் பார்க்கலாம்: உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது.

பாதையின் சரிவைத் தீர்மானிக்க வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான். நூறடிக்கு இரண்டடி வீதம், முப்பதடிப் பாதையில் ஏழு அங்குலம், வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். ஜல்லியின் மேல்முகமே அந்தச் சரிவோடும் சமத்தோடும் அமைந்துவிட்டால், அதன்மேல் ஓரங்குல மணல் போதும். பல வேலைகளில் நடப்பதோ வேறு: படுகையைக் கோணலாக விட்டுவிட்டு, மேட்டில் அரையங்குலமும் பள்ளத்தில் மூன்றங்குலமுமாகக் கிரஷர் டஸ்ட்டைக் கொட்டி மட்டப்படுத்துகிறார்கள். கனத்த மணற்பரப்பு சக்கரத்தின் கீழ் ஒதுங்கும். டஸ்ட்டிலுள்ள மெல்லிய தூளோ நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு குழம்பாகும். கான்கிரீட்டுக்கு உரிய பருத்த எம்-சாண்ட்டே இதற்குத் தகும். பூச்சுக்கு உரிய பி-சாண்ட் ஆகாது. ஜல்லிக்குப் பதிலாகச் சிமென்ட் கான்கிரீட் போட்டால் உறுதியல்லவா என்று கேட்பவரும் உண்டு. வீட்டுக் காருக்கு அது அவசியமன்று. வடிகால் துளையின்றிப் போட்டுவிட்டால், இணைப்புகளின் வழியே இறங்கிய மழைநீர் போக்கிடமின்றி மணலிலேயே தேங்கி, கல்லை ஆட்டிவிடும்.

மழைநீரை விலக்காமல் பூமிக்கே கொடுக்க விரும்புவோர்க்கு மற்றொரு முறை உண்டு. 2003-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டில் இது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. பொடியே கலவாத, ஒரே அளவான முக்கால் ஜல்லியைப் படுகையாக்கி, மணலுக்குப் பதில் கால் அங்குலச் சிப்ஸைப் பரப்பி, கற்களின் இடுக்கையும் அதனாலேயே நிரப்பினால், மழை நேராக உள்ளே இறங்கும். அத்தகைய படுகையில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடமாதலால், மேற்சொன்ன பாதையின் 150 கன அடி ஜல்லி 50 கன அடி நீரை, அதாவது அந்தப் பரப்பின்மேல் பெய்யும் இரண்டங்குல மழையை, முழுவதும் வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மண்ணுக்கு விடும். இது மணற்பாங்கான நிலத்துக்கு உரிய யுக்தி. கரிசலில், அதுவும் வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி, இதைச் செய்வது மண்ணின் வீக்கத்தை நாமே வரவழைப்பதாகும். மெக்கடம் நீரை வெளியே நிறுத்தினார், இது உள்ளே அழைக்கிறது. எது தகும் என்பதை ரசனை தீர்மானிப்பதில்லை, அடிமண் தீர்மானிக்கிறது.

மேற்பரப்பு மூடிக்கொண்ட பிறகு இவற்றில் ஒன்றையும் கண்ணால் காண இயலாது. ஆகையால் மேஸ்திரியோடு பேசும்போதே, ஜல்லி முடிந்த நாளில் வேலையை நிறுத்தித் தாம் பார்த்த பின்னரே கல் பதிக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் நிபந்தனை செய்துகொள்வது புத்திசாலித்தனம். அன்று அந்தப் படுகையின்மேல் காரை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கட்டும். சக்கரத் தடம் பதிந்தால் இன்னும் இறுக்கவேண்டும். இறுகிய கலவைப் படுகையானால் சில வாளி நீரையும் ஊற்றிப் பார்க்கட்டும். நீர் எங்கே நிற்கிறதோ அங்கே பள்ளம் உண்டு. பேவர் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம் என்பது அதன் பெரிய சௌகரியமே. ஆயினும் கீழே இருப்பது கெட்டிருந்தால், எத்தனை தடவை மணல் தூவித் திரும்பப் பதித்தாலும் பள்ளம் அதே இடத்தில் விழும். இரண்டு யூனிட் ஜல்லியிலும் ஒருநாள் காம்பாக்டர் வாடகையிலும் சிக்கனம் பிடித்தவர், பின்னர் முந்நூறு சதுர அடியையும் தோண்டி, அதே ஜல்லியையும் அதே வாடகையையும் கொடுத்தே தீரவேண்டும்.