சொல்லிச் செய்த மோட்டார்

அருப்புக்கோட்டையில் தறிகாரர் வீட்டுக்குப் போய்ச் சேலைக்குச் சொல்லிவிட்டு வருவது நம் பக்கத்துப் பெண்மணிகளுக்குப் புதிய காரியமல்ல. உடல் இன்ன நிறம், கரை இத்தனை விரல் அகலம், முந்தியில் இன்ன கோடு என்று சொல்லி, மாதிரிக்குப் பழைய சேலை ஒன்றையும் கொடுத்து, முன்பணம் வைத்துவிட்டு வந்தால் போதும். நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, தறியில் பூட்டி நெய்து முடிக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரையில் காத்திருப்பதும் அந்த இன்பத்தில் ஒரு பகுதிதான்.

உலகத்தில் அதிவேகமாக ஓடும் மோட்டார் வண்டிகளையும் இவ்விதமே சொல்லிச் செய்து வாங்குகிறார்கள் என்பது நேயர்களில் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று வழங்கும் இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருவரே உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி மூன்று, நான்கு வினாடிக்குள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். இத்தாலியில் ஃபெராரி, லம்போர்கினி கம்பெனிகளும் ஜெர்மனியில் போர்ஷே கம்பெனியும் இவற்றைச் செய்வதில் பேர் பெற்றவை. இவற்றை விரும்புகிறவர் கணினித் திரையின் முன் உட்கார்ந்து, மேற்பூச்சின் நிறம், ஆசனத்தின் தோல், அந்தத் தோலைத் தைக்கும் நூலின் நிறம், சக்கரத்தின் அமைப்பு, பிரேக்கின் வகை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் போதாதென்பவர்க்குத் தனி இலாகாவே உண்டு. ஃபெராரிக்காரர்கள் அதற்குத் தையற்கடை மொழியில் 'டெய்லர் மேட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். லம்போர்கினியில் 'ஆட் பெர்சோனம்' என்று லத்தீனிலும், போர்ஷேயில் 'ஸோண்டர்வுன்ஷ்', அதாவது 'தனி விருப்பம்', என்று ஜெர்மன் பாஷையிலும் அது வழங்குகிறது. கையிலுள்ள உதட்டுச் சாயத்தைக் காட்டி, அதே நிறத்தில் வண்டி வேண்டுமென்றாலும் கலந்து தருவார்கள். பணம் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.

இவ்வளவையும் நான் விசாரித்துத் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்குக் காரணம், என்னிடம் முன்பு படித்து இப்போது அயல்நாட்டில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஒரு வாலிபர். தகப்பனார் தறியில் உட்கார்ந்து படிக்க வைத்த பிள்ளை. ஊர் திரும்பும்போது தம் சேமிப்பைக் கொண்டு இப்படிப்பட்ட கார் ஒன்றைச் சொல்லிச் செய்து, திருச்சுழியில் தம் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டுமென்று அவருக்குச் சிறுவயது முதல் ஆசை. யோசனை கேட்டு எழுதியிருந்தார். ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு வாத்தியாரிடம் யோசனை கேட்டால் கணக்குத்தானே வரும்?

நாற்பதாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள காரை முழு வண்டியாக இறக்குமதி செய்தால், 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டின்படி சுங்கமும் அதைச் சேர்ந்த வரியுமாக 110 சதவீதம். துறைமுகத்தில் ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள வண்டி சுங்கச் சாவடியைத் தாண்டும்போது 2 கோடியே 10 லட்சம் ஆகிறது. பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி 40 சதவீதம். அதையும் சேர்த்தால் 2 கோடியே 94 லட்சம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 2023 நவம்பர் முதல் விதித்துள்ள ஆயுள் வரி 20 சதவீதம் அதன் மேல். வியாபாரியின் லாபமும் இன்ஷூரன்ஸும் இன்னும் பாக்கி. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நாம் கேட்டு வாங்கும் அலங்காரம் ஒவ்வொன்றும் வண்டியின் விலையோடு சேர்ந்து வரி சுமக்கிறது. ஆசனத்தில் சிவப்பு நூலால் தைக்க அங்கே ஒரு லட்சம் என்றால், இங்கே அந்த நூல் கிட்டத்தட்ட மூன்று லட்சம்! அருப்புக்கோட்டையில் சேலைக்கு நூல் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்களோ, அழுவார்களோ, தெரியாது.

2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வாணிப ஒப்பந்தத்தில், அந்நாட்டுக் கார்களுக்கான சுங்கத்தை ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரையில் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் குறைக்க நம் தேசம் இசைந்திருக்கிறது. பொறுத்திருந்து வாங்குகிறவர்களுக்கு அது லாபம்.

வண்டியைச் சாதாரணமாக வாங்கிவிட்டு, அலங்காரங்களை நம் ஊர்ப் பட்டறையில் செய்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. கம்பெனி செய்து அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. நிறத்தை மாற்றலாம், உரிய அதிகாரியிடம் பதிவு செய்துகொண்டு. சில்லறை இணைப்புகளும் சேர்க்கலாம். சட்டகத்திலோ, உருவத்திலோ, எஞ்சினிலோ கை வைக்க முடியாது. ஆகவே எதைச் சொல்வதானாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சரி, வண்டி வந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்கு வழி ரஸ்தா அருப்புக்கோட்டை வழியாகவே செல்கிறது. அது வரையில் கவலையில்லை. அங்கிருந்து திருச்சுழிக்குத் திரும்பியதும் கதை வேறு. அறுவடைக் காலத்தில் உளுந்தையும் குதிரைவாலியையும் ரஸ்தாவிலேயே பரப்பிக் காய வைத்திருப்பார்கள். வெள்ளாடுகளுக்கு ஹாரன் சப்தம் சங்கீதம். ஊருக்கு ஊர் வேகத் தடை. சாலைச் சாஸ்திரப்படி வேகத் தடையின் உயரம் 10 செண்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஸ்போர்ட்ஸ் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியோ ஏறக்குறைய 11, 12 செண்டிமீட்டர்தான். சாஸ்திரப்படி அமைத்த தடையைக்கூட அது மூச்சைப் பிடித்துக்கொண்டே தாண்ட வேண்டும். நம் கிராமங்களில் ஒரே இரவில் எழும்பும் தடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால், அவ்வாலிபர் நிறத்தைப் பற்றியே நாலு பக்கம் எழுதியிருக்க, நான் பதிலில் முதலாவதாக எழுதியது வண்டியின் முன்புறத்தைச் சில செண்டிமீட்டர் தூக்கிக் கொடுக்கும் கருவியைப் பற்றித்தான். அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். திருச்சுழிக்கு வருகிற வண்டிக்கு அது அலங்காரமல்ல, உயிர்.

இந்த இடத்தில் நம் கரிசல் சீமையின் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தைத்தான் சொல்கிறேன். பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று ஜோடிகளைப் பிரித்து விடுவார்கள். சர்க்கார் கிலோமீட்டருக்கு மாறி எவ்வளவோ காலமாகியும், நோட்டீஸில் தூரம் மைல் கணக்கில்தான் இருக்கும். பந்தய வண்டியை யாரும் கடையில் போய் எடுப்பதில்லை. ஆசாரியிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். நிறத்தைப் பற்றி அவர் கடைசியில்தான் கேட்பார். மாடு எது, அதன் உயரம் என்ன, ஓட்டுகிறவர் எடை என்ன, ஓடுகிற பாதை எப்படிப்பட்டது என்பதெல்லாம் தெரிந்த பிறகே நுகத்தடியின் நீளமும் சக்கரத்தின் அளவும் முடிவாகும். குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி எல்லாவற்றிலும் பாரத்தைக் குறைத்துப் பலத்தைக் குறைக்காமல் இருப்பதுதான் வித்தை. இத்தாலியில் செய்கிறதும் அதே வித்தைதான். வண்டி சரியாக ஓடாவிட்டால் மறுநாள் காலையில் ஆசாரி வீட்டு வாசலிலேயே போய் நிற்கலாம் என்பது நம்முடைய முறையில் அதிகப்படியான சௌகரியம்.

மோட்டார் விஷயத்திலும் இந்த முறை நமக்கு அந்நியமாயிருக்க வேண்டியதில்லை. 1840-இல் சென்னையில் தோன்றிய ஸிம்ஸன் கம்பெனி குதிரை வண்டிகள் கட்டிப் பேர் பெற்றது. 1903-இல் அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் மோட்டார் ஒன்றைச் சென்னையிலேயே செய்து ஓட்டினார். அக்காலத்தில் உயர்தரமான மோட்டார் என்றால் சட்டகமும் எஞ்சினும் ஒரு கம்பெனி; மேற்கூடு கட்டுகிறவர் வேறொருவர். ரோல்ஸ்-ராய்ஸ்காரர்கள் இரண்டாம் உலக யுத்தம் முடியும் வரையில் மேற்கூடு கட்டி விற்கவேயில்லை. தச்சும் கொல்லும் தோல் வேலையும் தெரிந்த தேசத்துக்கு இதைவிட நல்ல வாசல் எது?

அந்த வாசலில் நம்முடைய ராஜாக்கள் நுழைந்தார்கள். நம்முடைய தொழிலாளிகள் நுழையவில்லை. இந்தூர் மஹாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1930-களில் அமெரிக்காவின் டியூஸன்பர்க் கம்பெனியிடம் 320 குதிரை சக்தியுள்ள சட்டகத்தை வாங்கி, அதற்கு லண்டனில் கர்னி நட்டிங் கம்பெனியாரிடம் கூடு கட்டச் சொன்னார். ரஸனையில் குறையொன்றுமில்லை, இன்றும் பார்த்தவர்கள் மயங்கும் வண்டி அது. கல்கத்தாவில் வசித்த மாத்யூஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1910-இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த அன்ன வடிவ மோட்டாரோ அலகிலிருந்து நீராவி பீச்சும்! அது இப்போது ஹாலந்து தேசத்துப் பொருட்காட்சி சாலை ஒன்றில் இருக்கிறது. பணம் இங்கிருந்து போயிற்று. தொழிலும் அறிவும் அங்கே வளர்ந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு நெடுங்காலம் சொல்லிச் செய்வதென்ற பேச்சுக்கே இடமில்லை. அம்பாஸடர், ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு என்று இரண்டு மூன்று வகைகள். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் தவம் கிடக்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் நிலைமை இளகிற்று.

அந்தப் பஞ்ச காலத்திலும் வேகத்தில் மோகம் கொண்ட சிலர் சோழவரத்தில் யுத்தகால விமானத் தளத்தில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கோயமுத்தூர் கரிவரதன் என் மனத்தில் தனி இடம் பெற்றவர். லக்ஷ்மி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். அயல்நாட்டிலிருந்து பந்தயக் கார் தருவித்துக்கொள்ளக் கூடிய செல்வம் இருந்தும், தம் ஊர்ப் பட்டறையில் தாமே கார்கள் கட்டினார். வீட்டுக்கு வீடு நின்ற மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தய வண்டியில் பொருத்தி, 1988-இல் 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தய வகையையே உண்டாக்கினார். சாமானிய எஞ்சின், ஆனால் எல்லோருக்கும் ஒரே எஞ்சின். ஆகவே பணம் பின்னுக்குப் போய், ஓட்டுகிறவன் திறமை முன்னுக்கு வந்தது. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் காலமானது தேசத்துக்கே நஷ்டம். ஃபார்முலா மாருதியில் பழகிய கோயமுத்தூர்ப் பிள்ளை நாராயண் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர்.

இன்று நம்மவர் வசதி வேறு மாதிரி. ஜாகுவார் கம்பெனியை 2008-இல் டாட்டாவும், இத்தாலியின் பினின்ஃபரினாவை 2015-இல் மஹிந்திராவும் வாங்கிவிட்டார்கள். 1,900 குதிரை சக்தியுள்ள 'பட்டிஸ்டா' என்ற மின்சாரக் கார் மஹிந்திராவின் முதலில் உருவானதுதான், கட்டுவது இத்தாலியில். ராணிப்பேட்டைப் பக்கம் பனப்பாக்கத்தில் டாட்டாவின் கார்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். நம் ஜில்லாவில் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போய், யாரோ வரைந்த வண்டிகளுக்கு ஆணி முடுக்குகிறார்கள். கண்ணியமான வேலைதான். ஆனால் வரைகிற கை எப்போது நம்முடையதாகும்?

கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் 2003-இல் அமைந்த பந்தயத் தளத்தில் ஜனவரி மாதங்களில் 'ஃபார்முலா பாரத்' என்றொரு போட்டி நடக்கிறது. இன்ஜினீயரிங் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து தாங்களே வரைந்து தாங்களே கட்டிய வண்டியோடு வருகிறார்கள். பெட்ரோல் வண்டியானால் எஞ்சின் 710 சி.சி.க்கு மேற்படக் கூடாது. அது மூச்சு விடும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துவாரம் ஒன்றின் வழியாகவே போக வேண்டும். எந்தப் பாகத்தை ஏன் இப்படிச் செய்தாய், அதற்கு என்ன செலவாயிற்று என்று நீதிபதிகள் குடைந்து குடைந்து கேட்பார்கள்; ஆசாரி கேட்கும் அதே கேள்விகள். அவ்வாலிபருக்கு நான் எழுதிய கடிதத்தில் கணக்கோடு இந்த விலாசத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அவர் சேமிப்பு, அவர் இஷ்டம். பதில் இன்னும் வரவில்லை.

போட்டியின் கடைசிப் பரீட்சை ஏறக்குறைய 22 கிலோமீட்டர் ஓட்டம். பாதித் தூரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்து, ஓட்டுகிறவர் மாற வேண்டும். அதற்கு மூன்று நிமிஷம்தான் அவகாசம். புதியவர் ஆசனத்தில் இறங்கி வாரை இறுக்கிக்கொள்கிறார். சூடேறிய எஞ்சின் மறுபடியும் கிளம்புமா கிளம்பாதா என்று வேலியோரத்தில் நிற்கும் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.