அடுத்து வருவது எந்த வண்டி? – ஒரகடம் குறிப்புகள்

ஒரகடம் சந்திப்பில் டீ குடிக்கப் பத்து நிமிஷம் நின்றால் போதும், கார் ஏற்றிய நீள டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நான் படிச்சது பி.இ. மெக்கானிக்கல், பிழைப்பது சாஃப்ட்வேரில். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: இத்தனை வகை வண்டிகளை எப்படி ஒரே ஆலையில் கலந்து பூட்டுகிறார்கள்?

ஒரு காலத்தில் இது நடக்காத காரியம். 1927 மே மாதம் ஃபோர்டு தன் மாடல் டி காரை நிறுத்தியது. அடுத்த மாடல் ஏ வெளிவந்தது டிசம்பரில். ஒரே காருக்கென்றே மெஷின்களை அமைத்திருந்ததால், வேறு கார் என்றதும் ஆலையையே பிரித்துப் போட வேண்டியிருந்தது.

இப்போது ஒரகடத்துக்கு வாங்க. 2010-ல் தொடங்கிய ரெனோ–நிசான் ஆலையில் மைக்ரா, பல்ஸ், சன்னி, டஸ்டர், டெரானோ, க்விட், ரெடி-கோ என்று இரண்டு பிராண்டின் கார்களும் ஒரே வளாகத்தில் உருவாகியிருக்கின்றன. 2012-ல் தொடங்கிய டெய்ம்லர் ஆலையில் பாரத்பென்ஸ் லாரியோடு ஏற்றுமதிக்கான ஃபூசோ லாரியும் செய்கிறார்கள்.

ரோபோவா காரணம்?

பாதிதான் சரி. வெல்டிங் ஷாப்பில் புரோகிராமை மாற்றினால் அதே ரோபோ வேறு பாடியை வெல்ட் செய்யும். ஆனால் கடைசி அசெம்ப்ளியில், அதாவது ஒயரிங், டேஷ்போர்டு, சீட்டு, பம்பர் மாட்டும் இடத்தில், இன்றும் பெரும்பாலும் மனிதக் கைதான். ஒயர் கட்டு வளையும், நெளியும். ரோபோவுக்கு அது சுலபத்தில் பிடிபடாது. டெஸ்லாவில் அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தப்பு என்று 2018-ல் ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

அசெம்ப்ளியில் டிஜிட்டல் செய்யும் முக்கிய வேலை வேறு: அடுத்து வருவது எந்த வண்டி என்பதைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நேரத்தோடு சொல்வது.

பெயின்ட் ஷாப்பிலிருந்து வரும் ஒவ்வொரு பாடிக்கும் பார்கோடோ ஆர்.எஃப்.ஐ.டி. டேகோ இருக்கும். லைனுக்குள் நுழையும்போது ஸ்கேனர் அதைப் படிக்கும். அந்த வரிசை சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சீட்டுக் கம்பெனிக்கும் போகும். அவர்கள் அதே வரிசையில் சீட்டுகளைத் தயார் செய்து அனுப்புவார்கள். லைனில் நிற்பவருக்கு, எந்தப் பெட்டியிலிருந்து பாகத்தை எடுக்கணுமோ அந்தப் பெட்டியில் விளக்கு எரியும். போல்ட் முறுக்கும் கருவி அந்த மாடலுக்கு வேண்டிய டார்க் அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். ஐந்து போல்ட்டில் நாலுதான் முறுக்கினீர்களா? வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது.

வரிசைக் கணக்கு

சரி, வண்டிகளை இஷ்டத்துக்குக் கலக்கலாமா? முடியாது. ஒரு உதாரணம். லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் 60 விநாடி. சாதாரண காரின் கூரை வேலைக்கு 55 விநாடி, சன்ரூஃப் காருக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சன்ரூஃப் வந்தால் 10 விநாடி கடன். ஒவ்வொரு சாதாரண காரும் 5 விநாடி கடனை அடைக்கும். ஆக ஒரு சன்ரூஃபுக்குப் பின் இரண்டு சாதாரண கார் வந்தே ஆகணும். இதேபோல் ஏ.சி., டீசல் எஞ்சின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. பெயின்ட் ஷாப்போ, துப்பாக்கியை அடிக்கடி கழுவாமலிருக்க, ஒரே நிறமாக அனுப்பு என்கும்.

எல்லா விதிக்கும் பொருந்தும் வரிசையைக் கண்டுபிடிப்பது கணினி அறிவியலில் பேர்போன கடினமான கணக்கு. ரெனோவே இதை 2005-ல் ரோடெஃப் என்ற சர்வதேசப் போட்டிக்குப் புதிராகக் கொடுத்தது.

ஒரு ஓட்டை வெச்ச ரூஃப்

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு லேபிள் அச்சடிக்கும் சாஃப்ட்வேர் எழுதினேன். காரின் கூரைக்கு உள்பக்கம் ஒட்டும் பாகத்தை அவர்கள் வரிசைப்படி அனுப்பணும். ஒருநாள் பிரின்டரில் லேபிள் கிழிந்தது. சூப்பர்வைசர் மறுபடி அச்சடித்தார். என் புரோகிராம் அதைப் புது ஆர்டர் என்று எண்ணிக்கொண்டது. அதன்பின் எல்லாமே ஒன்று தள்ளிப்போனது. திரையில் எல்லாம் பச்சை.

டிராலியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பையன்தான் நிறுத்தினான். “ஓட்டை வெச்ச ரூஃப் அடுத்தடுத்து ரெண்டு வந்திருக்கு சார். இப்படி வராதே!” சன்ரூஃப் விதியை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தினம் அடுக்கி அடுக்கிக் கை கண்டுபிடித்தது. அன்று ராத்திரியே அவன் சொன்னதை ஐந்து வரி கோடாகச் சேர்த்தேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அவன் இல்லை. கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம்.

யார் வளைகிறார்கள்?

கன்வேயரே வேண்டாம் என்ற சோதனையும் நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவோடு ஆரம்பித்த ஹூண்டாய், 2023 நவம்பரில் சிங்கப்பூரில் திறந்த ஆலையில் தனித்தனி செல்களில் வண்டி பூட்டுகிறது. பாகங்களைத் தானியங்கி வண்டிகள் கொண்டுவரும். ஒரு காருக்கு நேரம் கூடினால் மற்றது காத்திருக்க வேண்டாம். ஆனால் அது ஆண்டுக்கு 30,000 வண்டிக்கான ஆலை. இருங்காட்டுக்கோட்டையின் கணக்கு பல லட்சம்.

ஆக மெஷின் வளையும், சாஃப்ட்வேர் வளையும். கட்டடம்கூட வளையும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அதில் சேரவில்லை. பிறகு சால்காம்ப் அந்த இடத்தை எடுத்து சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. புது மாடல் போனுக்கு மாறிக்கொள்ளத் தெரிந்த லைன்தான் அது. அங்கே வேலை பார்த்த பல ஆயிரம் பேருக்கு, அதில் பாதிக்கு மேல் இளம்பெண்கள், அது உதவவில்லை.

‘நெகிழ்வான உற்பத்தி’ என்று பேசும்போது நான் இப்போது ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன்: மாறும் வேலையைக் கற்றுக்கொள்ள ஆளுக்கு நேரமும் நிரந்தரமும் கொடுத்து வரும் நெகிழ்வா, இல்லை வேண்டாதபோது ஆளை அனுப்பிவிடலாம் என்பதால் வரும் நெகிழ்வா? இரண்டாவது மலிவாகத் தெரியும். ஆனால் அடுத்த லேபிள் கிழியும்போது “இப்படி வராதே” என்று சொல்ல லைனில் ஆள் இருக்கமாட்டார்.

அந்த ஐந்து வரி இன்னும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கலாம். எழுதியது நான். கண்டுபிடித்தது அவன்.